கோடு இல்லாத கால்

எனக்கு வாய் நீளம் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பூவிழி என்ற எட்டு வயதுப் பெண் செத்துப்போனாள். அவள் காலில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது என்று அவள் அம்மா சொன்னாள். இல்லை என்று எங்கள் மெஷின் சொன்னது. மெஷின் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

என் பெயர் தமயந்தி. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வீடியோ கருவிகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை, இருபத்து மூன்று வருஷமாக. மலை, தீவு, எஸ்டேட் என்று டாக்டர்கள் போகமாட்டேன் என்கிற இடங்களில் எல்லாம் நாங்கள் செய்த தொலை மருத்துவ அறைகள் நிற்கின்றன. ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் கண்ணாடி அறை, உள்ளே கேமராவும் திரையும். சென்னையில் உட்கார்ந்திருக்கிற டாக்டர் பார்த்துச் சொல்வார், சுவரில் இருக்கிற பெட்டி மாத்திரையைத் தள்ளும். ஜனங்கள் அதைக் கூண்டு என்றுதான் சொல்கிறார்கள். நாங்கள் வைத்த பெயரை நாங்களே மறந்துவிட்டோம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் காட்சிச் சான்றுச் சட்டம் வந்தது. சான்றிதழ் பெற்ற கேமராவின் பதிவில் என்ன இருக்கிறதோ அதுதான் நடந்தது, மனுஷன் கண்ணால் பார்த்தேன் என்று சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம். 'கண்ணால் காண்பதும் பொய்' என்று பழமொழியே இருக்கிறதே என்று பெரியவர்கள் பேசினார்கள். தீர விசாரிப்பதே மெய் என்ற மிச்சப் பாதியைச் சௌகரியமாக விட்டுவிட்டார்கள்.

பூவிழியை இரண்டு முறை கூண்டில் காட்டியிருக்கிறாள் அம்மா. காயத்தின் விஷம் ரத்தத்தில் ஏறினால்தான் அப்படிச் சிவப்புக் கோடு விழும். இரண்டு பதிவிலும் கால் சுத்தம். ஆகவே சட்டப்படி, விஷம் ஏறியது அதற்குப் பிறகு, வீட்டில், அம்மாவின் அலட்சியத்தால். அப்படித் தீர்ப்பானால் நாலு வயது இளைய மகளை அரசாங்கக் காப்பகத்துக்கு அழைத்துப் போய்விடுவார்கள். வியாழக்கிழமை பொள்ளாச்சி மன்றத்தில் விசாரணை. அதற்கு முன்னால் கூண்டை நேரில் சோதித்து, சரியாக இருக்கிறது என்று நான் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும்.

"அரை மணி நேர வேலை தமயந்தி," என்றார் எங்கள் மேலாளர் எபனேசர். "படத்தை ஓட்டு, மார்க்கைப் பாரு, வந்துடு."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வால்பாறை எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கூண்டின் சாவி எஸ்டேட் ஆபீசில் இருந்தது, ஆபீஸர் இன்னும் வரவில்லை. சாரலில் நின்றுகொண்டிருந்த என்னை, எதிரே தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். முப்பது வயதிருக்கும். கொழுந்து பறிக்கிற கை, விரல் நுனியெல்லாம் கறை. அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றது.

"மெசின் கம்பெனியா?"

"ஆமா."

"நான்தான் பேச்சியம்மா. பூவிழியோட அம்மா. உள்ள வந்து உக்காருங்க மேடம். நாப்பது கொண்டை ஊசி ஏறி வந்திருக்கீங்க, தலை சுத்தும்."

வசவுக்குத்தான் தயாராக வந்திருந்தேன். திட்டினால் திருப்பிப் பேச எனக்குத் தெரியும். அவள் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன். அது என் வேலையே இல்லை.

"கவாத்து அடிச்ச காட்டுல வெளையாடிட்டு இருந்தாக்கா," என்றாள். மேடம் அதற்குள் அக்கா ஆகியிருந்தது. "தேயிலைச் செடியை முழங்கால் ஒசரத்துக்கு வெட்டி விட்டுருப்பாங்கல்ல, அந்தக் குச்சி குதிகால்ல குத்திருச்சு. மறுநாள் பாத்தா கணுக்கால்ல இருந்து மேல ஒரு கோடு. செவப்பா. ஈர்க்குச்சி கனம்தான். தூக்கிட்டு கூண்டுக்கு ஓடினேன். டாக்டரு நல்ல மனுசன், குறை சொல்லக்கூடாது. எங்கம்மா கோடு, எனக்குத் தெரியலையேன்னாரு. நான் வெரலை வச்சுக் காட்டுறேன். திரையில என் வெரல் இருக்கு, கோடு இல்ல. காயத்துக்கு மட்டும் மாத்திரை குடுத்தாரு."

"அப்புறம்?"

அவள் சின்னவளைப் பார்த்தாள். "தேனு, போயி கோழி முட்டை போட்டுருக்கான்னு பாத்துட்டு வா." தேன்மொழி ஓடியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதுக்கு மறுநாள் தொடை வரைக்கும் ஏறிருச்சு. பஸ்ஸுக்குத்தான் கெளம்பினேன் அக்கா, பொள்ளாச்சி ஆசுபத்திரிக்கு. வழியிலதான கூண்டு இருக்கு, எதுக்கும் ஒரு தடவை காட்டிருவோம்னு ஏறினேன். வேற டாக்டரு, ஒரு அம்மா. அவங்களும் இல்லைன்னாங்க. கால் படத்தைப் பெருசாக்கிக் காட்டினாங்க. சுத்தமா இருக்கு. படிச்சவங்க ரெண்டு பேரு, ஒரு மெசினு, மூணும் இல்லைங்குது. நான் ஒருத்திதான் இருக்குங்கறேன். சரி, தூக்கமில்லாம எங்கண்ணுதான் கோளாறாயிருச்சுன்னு நெனச்சேன். வெளிய வரவும் பஸ்ஸு வந்துச்சு. கண்டக்டரு, ஏறலையாம்மான்னாரு. இல்லைன்னுட்டேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மறுநாள் அதே பஸ்ஸுதான்," என்றாள். "ஒம்பதாவது வளைவுல மூச்சு நின்னுருச்சு. இப்ப என்னைய ஆபீசுக்குக் கூப்பிட்டு அந்தப் படத்தை மூணு தடவை போட்டுக் காட்டினாங்க. கோடு இல்ல. எனக்கே இப்பத் தெரியல அக்கா. நான் எதைப் பாத்தேன்? நெசமா இல்லாததையா பாத்தேன்? என் புத்தியே பெரண்டுருச்சா? அப்படின்னா தேனை எங்கிட்ட விடக்கூடாதுதான்."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தேன்.

ஆபீஸர் வந்து கூண்டைத் திறந்தார். பேச்சியம்மாளும் கூடவே வந்து வாசலில் நின்றாள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சோதனை என்பது இதுதான்: எங்களிடம் ஒரு சோதனைப் படம் இருக்கிறது. கலர் பட்டைகள், கட்டங்கள், மெல்லிய கோடுகள். அதை ஒரு முனையில் உள்ளே அனுப்பி, மறுமுனையில் வந்ததோடு கம்ப்யூட்டர் ஒப்பிடும். போனதும் வந்ததும் ஒன்றாக இருந்தால் நூறு மார்க்.

ஓட்டினேன். நூற்றுக்கு நூறு.

வீட்டுக்குப் போயிருக்கலாம். எபனேசர் சொன்ன அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் சோதனைப் படத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். கலர் வடிவம் என்ற இடத்தில் 4:2:0 என்று இருந்தது. பக்கத்தில், மாற்றியவர்: தமயந்தி. தேதி நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை, மதியம்.

எல்லாம் ஞாபகம் வந்தது. பொய் சொல்வானேன், மறந்திருந்தால்தானே.

அந்தச் சோதனைப் படத்தை வரைந்ததே நான்தான். அடியில் ஒரு பழுப்புக் கட்டம் வைத்து, அதில் ஒரு புள்ளி அகலத்துக்குச் சிவப்புக் கோடுகள் போட்டிருந்தேன். உடம்பைப் பார்க்கப்போகிற கேமரா, நம் தோல் தெரிய வேண்டாமா என்று என் முன்கை நிறத்தையே அளந்து வைத்தேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. முழுக் கலரில், அதாவது 4:4:4-ல், அந்தப் படத்தை அனுப்பியபோது கருவி பதினோரு தடவை தோற்றது. எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு வாசகம் ஒட்டியிருக்கும்: சோதனை தோற்றால் முதலில் சோதனையைச் சந்தேகி. பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். திங்கட்கிழமை முந்நூறு கூண்டுகள் மலையேற வேண்டும். கருவி பேசுவது நிறத்தைச் சுருக்குகிற 4:2:0, படம் பேசுவது 4:4:4, பாஷை பொருந்தவில்லை, அதனால்தான் தோற்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படத்தின் வடிவத்தை மாற்றினேன். பட்டியலில் ஒரு வரி கீழே, ஒரே ஒரு சொடுக்கு. நூறு மார்க் வந்தது. வராதா பின்னே? கோட்டை உள்ளே போவதற்கு முன்னாலேயே அழித்துவிட்டால், வெளியே வரவில்லை என்று யார் புகார் செய்வார்கள்?

"என்னக்கா ஆச்சு?" என்றாள் பேச்சியம்மாள். என் முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

சொல்லாமல் தப்பித்திருக்கலாம். சொன்னேன். "படத்தை மெஷின் புள்ளி புள்ளியாத்தான் அனுப்பும் பேச்சியம்மா. ஒவ்வொரு புள்ளிக்கும் ரெண்டு சேதி. எவ்வளவு வெளிச்சம், என்ன நிறம். வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியா அனுப்பிடும். நிறத்தையும் அப்படி அனுப்பினா இந்த மலை லைன் தாங்காது. அதனால நாலு புள்ளிக்குச் சேர்த்து ஒரே நிறம்."

"எங்க லைன்ல நாலு வீட்டுக்கு ஒரு பைப்பு, அந்த மாதிரி."

"அதேதான்."

"அப்ப ஒரு வீட்டுல மட்டும் செவப்பு இருந்தா?"

"பக்கத்து வீட்டுப் பழுப்போட கலந்து வெளிறிடும். மிச்சம் மீதி இருந்தாலும் தூசுன்னு நெனச்சு அடுத்த படியில துடைச்சிடும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வெளிச்சந்தான் தனித்தனியாப் போகுதே. அதுல தெரியாதா?"

என் ஆபீசில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "வெள்ளைத் தோலா இருந்தா தெரிஞ்சிருக்கும். கோடு கொஞ்சம் கறுப்பாவாவது விழுந்திருக்கும். நம்ம தோலும் அந்தச் செவப்பும் வெளிச்சத்துல கிட்டத்தட்ட ஒரே அளவு."

"அப்ப கறுப்பாப் பொறந்தது எம்புள்ளை தப்பா?"

"இல்ல. தப்பு என்னுது." அந்த வெள்ளிக்கிழமையையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள், "செவப்புப் பேனா இருக்கா?" என்றாள். என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். என் இடது கையைப் பிடித்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு கோடு இழுத்தாள். நேராக இல்லை. ஓரிடத்தில் வளைத்தாள், ஓரிடத்தில் அழுத்தினாள். கையை மறந்துவிட்டு ஏதோ ஒரு காலைப் பார்த்து வரைகிற மாதிரி இருந்தது.

"இவ்வளவு கனம்தான்," என்றாள்.

கூண்டுக்குள் போய்க் கையை நீட்டினேன். திரையில் என் கை இருந்தது. கைக்கடிகாரம், மயிர், பழைய தழும்பு எல்லாம் இருந்தன. கோடு இல்லை.

அவள் திரையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். அவள் மனசு ஆறும் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைப் போல ஒரு மடச்சி உண்டா! அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். "இருந்துச்சுடி பூவு! இருந்துச்சு! ஆத்தா கண்ணுல பாத்தேனே! பஸ்ஸு வந்து நின்னுச்சே, ஏறலையான்னு கேட்டாரே!"

நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். தேன்மொழி ஒரு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

எபனேசருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன், முழுக்கக் கேட்டார். அப்புறம், "அந்த வெள்ளிக்கிழமை நானும்தான் உன் பக்கத்துல நின்னேன், எனக்கும் தெரியும்," என்றார். "ஆனா யோசி. முந்நூறு கூண்டு. அதோட நிக்காது. கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன், ரோடு, எல்லா இடத்துலயும் நம்ம சான்றிதழ்தான். நாலு வருஷத் தீர்ப்பெல்லாம் என்ன ஆகிறது? பேரு உன்னுதுதான் இருக்கு தமயந்தி. உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. எனக்கு ரெண்டும் பொண்ணு, நான் உன்கூட வர முடியாது."

"வரச் சொல்லலை சார்," என்று வைத்துவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டவாவது செய்திருப்பேன்.

வியாழக்கிழமை வரைக்கும் கையைக் கழுவாமல் வைத்திருந்தேன். குளிக்கும்போது பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொண்டேன். பொள்ளாச்சி மன்றத்தில் நடுவர் சபாபதி, ஓய்வு பெறும் வயது, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டிருந்தார். அவர் மேஜைக்கு நேராகக் கூரையில் ஒரு கேமரா. பேசுவதும் காட்டுவதும் அதில் பதிவாகும், பதிவாவதுதான் வழக்கு. பேச்சியம்மாள் தேன்மொழியை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். காப்பகத்திலிருந்து வந்த அம்மாள் பின்வரிசையில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கையை நடுவருக்கு நேராக நீட்டினேன்.

"தெரியுதுங்களா ஐயா?"

"நல்லாத் தெரியுதே, செவப்பா." சொல்லிவிட்டு அவர் தன் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். திரையில் என் கை வெறுமனே இருந்தது. அடியில் எழுத்து தானாக ஓடியது: சாட்சி கையைக் காட்டினார். கையில் எதுவும் இல்லை.

கூரையில் இருந்ததும் நான் கையெழுத்துப் போட்ட கேமராதான்.

"அம்மா," என்றார் நடுவர் மெதுவாக, "என் கண்ணுக்குத் தெரியறதை நான் தீர்ப்புல எழுத முடியாது. சட்டம் அப்படி. ஆனா நீங்க பேசறது முழுசாப் பதிவாகும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தச் சான்றிதழ் கைத்தவறா? கைத்தவறுன்னா நிபுணர் குழுவுக்குப் போகும், ஒன்றரை வருஷம் ஆகும், அதுவரைக்கும் சான்றிதழ் செல்லும். குழந்தை காப்பகத்துல இருக்கும். தெரிஞ்சே செஞ்ச மோசடின்னா இந்த நிமிஷமே செல்லாது, வழக்கும் நிக்காது. எது?"

எது? நானே அதை என்னிடம் கேட்டதில்லை. பதினோரு தடவை தோற்றதே, பதினோரு தடவையும் அந்தக் கட்டத்தில் கோடு இல்லாததை இந்தக் கண்ணால் பார்த்தேனே. பாஷை பொருந்தவில்லை என்று சொல்லிக்கொண்டபோது எவ்வளவு நம்பினேன்? பாதி? கால்வாசி?

"தெரிஞ்சேதான் செஞ்சேன்," என்றேன். "மோசடிதான்."

எழுத்து ஒரு வார்த்தை விடாமல் ஓடியது. காப்பகத்து அம்மாள் தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். பேச்சியம்மாள் தேன்மொழியின் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது மட்டும் எனக்குத் தெரிந்தது.

என் லைசென்ஸ் போயிற்று. கேஸ் போட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் உள்ளே போவேன் போலிருக்கிறது. முந்நூறு கூண்டையும் மூடிவிட்டார்கள். மூடியதால் மலையில் எத்தனை பேருக்கு எது கிடைக்காமல் போகிறது என்பதும் என் கணக்கில்தான் சேரும். நல்லது செய்தேன் என்று என்னால் நெஞ்சை நிமிர்த்த முடியவில்லை.

விசாரணை முடிந்த அன்று மதியம் அவர்களைப் பஸ் ஏற்றிவிடப் பொள்ளாச்சி ஸ்டாண்டுக்குப் போனேன். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வழக்கு முடிந்ததால் கூண்டின் இரண்டு பதிவையும் மன்றம் அவளுக்குக் கொடுத்திருந்தது. ஒரு சின்ன மெமரிச் சில்லு. அதை முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள்.

"பூவை வேற படமே எடுக்கல அக்கா," என்றாள். "இதுல பேசுறா, சிரிக்கக்கூடச் செய்யுறா. டாக்டரு பேரு கேட்டதும் வெக்கப்பட்டுக்கிட்டு."

எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. செய்யத் தெரிந்தது ஒன்றுதான். "அதை எங்கிட்ட ரெண்டு நாள் குடுங்க பேச்சியம்மா. கோடு எங்க இருந்துச்சுன்னு நீங்க சொல்லச் சொல்ல, படத்துல திருப்பிக் கொண்டுவந்துடறேன். நிறம் அப்படியே வரும். நாளைக்கு யார் பார்த்தாலும் நீங்க சொன்னது உண்மைன்னு தெரியும்."

அவள் முந்தானை முடிச்சைக் கையால் மூடிக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. அதுல அவ காலு நல்லாருக்கு. அதுலயாவது நல்லாருக்கட்டும்."

வால்பாறை பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறலையாம்மா?" என்றார்.

"ஏறுறேன் சார், ஏறுறேன்," என்று பதறிக்கொண்டு, தேன்மொழியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.